வட்டமும் நட்பும்

ஒருவன் ஒரு கலையில் பித்துக் கொண்டிருக்கிறான். அவனுடைய நண்பர்களோ அக்கலையின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள். இந்நிலையில் அவன் நண்பர்க்கு ஆற்றவேண்டிய கடமை யாது? நண்பர்கள் அவனுக்கு ஆற்றவேண்டிய கடமை யாது? கேட்பதற்குச் சிறிய வினாவே. ஆயினும் பிறந்த மண்ணை விட்டு வந்து, விரல்விட்டு எண்ணத்தக்க நண்பர்களையே உற்றாராகவும் உறவினராகவும் கொண்டு வாழும் நம்போன்றோர்க்கு இது சிறிய வினா அன்று. ஊரில் இருப்பவனுக்கு ஒரு நண்பன் பிணங்கினால் ஒன்பது உறவினர் இருப்பர். இங்கே நமக்கு நண்பனே எல்லாம்.

இவ்வினா எனக்கு ஏட்டில் எழுந்ததன்று. வதோதரை நகரின் மைதானம் ஒன்றில், நவராத்திரி இரவில், செருப்பில்லாத கால்களோடு நின்றபோது எழுந்தது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கூடி ஆடும் கூத்து

கலைகள் பல, தனித்து நுகரத்தக்கவை. வீணை வாசிப்பவன் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கலாம். நூல் கற்பவனுக்கு ஒரு விளக்கும் ஒரு திண்ணையும் போதும். அவன் நண்பர்கள் நூலைத் தொடாதவர்களாக இருப்பினும் அவன் கல்விக்குக் குறைவில்லை. கூடி ஆடும் கூத்தோ அத்தகையதன்று. அதற்குப் பிறர் வேண்டும். தோளோடு தோள் நிற்கவும், ஒரே கணத்தில் கைகொட்டவும், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் அடிவைக்கவும் மனிதர் வேண்டும். அதில் விருப்புற்றவன் தன் விருப்பத்தைத் தன் நண்பர்களிடமே எதிர்பார்ப்பது இயல்பு. அவர்கள் மறுக்கும்போது, ‘சுவை வேறுபாடு’ என்று அவனால் எளிதில் அமைய முடிவதில்லை. தன்னையே மறுத்ததாக எண்ணிக்கொள்கிறான்.

குஜராத்தின் கர்பா இவ்வகைக் கூத்து. ‘கர்ப்பம்’ என்னும் வடசொல்லிலிருந்து பிறந்த பெயர் என்பர். பக்கமெல்லாம் துளையிட்ட மண்பானையினுள் விளக்கேற்றி நடுவில் வைப்பதும், அம்பிகையின் உருவை நடுவில் நிறுத்துவதும் மரபு. அதைச் சூழ்ந்து மக்கள் வட்டமாக, இடஞ்சுழியாக, அடிபெயர்த்துக் கைகொட்டி ஆடுவர். இரண்டு கொட்டு உண்டு. மூன்று கொட்டு உண்டு. பாட்டு மெல்லத் தொடங்கி விரைந்து செல்லும். ஆறு மாத்திரை கொண்ட ஹீஞ்ச் தாளம் பிடித்துவிட்டால் கால் தானே எழும். தெருமுனையில் இருபது பேர் ஆடுவதும் கர்பாவே; பெரிய மைதானத்தில் பல்லாயிரவர் வட்டத்தினுள் வட்டமாகச் சுழல்வதும் கர்பாவே. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மானுட குலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டியல் பார்த்து ஆட வருவோர் எவருமில்லை. ஒன்பது இரவும் தாத்தா ஆடுகிறார், பேத்தி ஆடுகிறாள், காய்கறி விற்பவர் ஆடுகிறார், வங்கி மேலாளர் ஆடுகிறார். பார்வையாளர் என்று தனியே ஒரு வகுப்பு அங்கே ஏறக்குறைய இல்லை.

பணி நிமித்தமாக வதோதரைக்கு வந்த முதல் ஆண்டு நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். இரண்டாம் ஆண்டு வட்டத்தின் வெளிவளையத்தில் நுழைந்தேன். மூன்றாம் ஆண்டு முதல், ஆடி மாதம் பிறந்தாலே நவராத்திரிக்கு நாள் எண்ணும் நிலைக்கு ஆளானேன். அலுவலகத்தில் மேசைக்கடியில் கால் தாளம் போடும். நண்பர்கள் கூடினால் என் பேச்சு எதில் தொடங்கினும் கர்பாவிலேயே முடியும்.

நண்பர்களோ தமிழர்கள். நவராத்திரி அவர்களுக்குக் கொலுப்படியின் முன் அமர்ந்து பாடும் திருநாள். சுண்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் திருநாள். ஒரே தேவிக்கு ஒரே ஒன்பது இரவுகளில் ஒருவர் அமர்ந்து வழிபடுகிறார். மற்றவர் ஆடி வழிபடுகிறார். இவ்விரண்டிற்கும் நடுவே நான் அகப்பட்டுக்கொண்டேன்.

நாம் ஆடாதவர்களா?

‘ஆடுவது நம் வழக்கமில்லை’ என்பது நண்பர்கள் எனக்குச் சொன்ன முதல் விடை. இது உண்மையன்று. குரவையும் துணங்கையும் சங்கத் தமிழர் கைகோத்து ஆடிய கூத்துகள். தலைவனைத் தேடி விழாக்களிலும் துணங்கைக் களங்களிலும் அலையும் தலைவி ஒருத்தியைக் குறுந்தொகை காட்டுகிறது. தானும் ஆடுபவள், தன் தலைவனும் ஆடுபவன் என்று அவள் கூசாமல் சொல்லிக்கொள்கிறாள். சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர்சேரியில் தீய குறிகள் தோன்றியபோது, அஞ்சிய அம்மகளிர் செய்தது என்ன? எழுவராக நின்று குரவை ஆடினர். துன்பம் வரும் என்று தெரிந்த வேளையில் ஆடினர் என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். நம் பாட்டிமார் குத்துவிளக்கை நடுவில் வைத்துக் கும்மியடித்ததற்கும், துளைப்பானை விளக்கைச் சுற்றிக் குஜராத்திப் பெண்கள் கைகொட்டுவதற்கும் பெயரளவில்தான் வேற்றுமை. கோலாட்டமும் தாண்டியாவும் ஒருதாய் மக்கள் போல் நிற்கின்றன.

பின் எப்போது நாம் அமர்ந்து பார்ப்பவரானோம்? இதற்குக் காரணம் பல இருக்கலாம். கல்வி கற்று அலுவலகம் புகுந்த குடும்பங்களில் நடனம் மேடைக்குரிய பொருளாயிற்று என்பது நான் கண்ட ஒரு காரணம். 1930களில் சதிர் ‘பரதநாட்டியம்’ என்னும் பெயரோடு சபா மேடை ஏறியது. அதனால் அக்கலை காக்கப்பட்டது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நடனம் என்றால் ஆண்டுக்கணக்கில் பயின்ற ஒருவர் ஆட, மற்றவர் நாற்காலியில் அமர்ந்து தலையசைப்பது என்னும் எண்ணமும் உடன் வந்தது. பயிலாதவன் ஆடினால் அது நகைப்புக்குரியது என்று நாம் நம்பத் தொடங்கினோம். கும்மி வயலோடும் வாசலோடும் நின்றுவிட்டது. நம்மோடு இரயிலேறி வரவில்லை.

‘இவன் குஜராத்தியாகவே மாறிவிட்டான்’ என்று நகைத்தவரும் உண்டு. அவர்களுக்கு இந்நகரின் வரலாற்றையே விடையாகச் சொல்வேன். பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் 1880இல் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்து இளவரசியை மணந்தார். அவ்வுறவின் வழியே தஞ்சை ஆடல் மகளிரும் இசைவாணரும் பரோடா அரண்மனைக்கு வந்து சேர்ந்தனர். அவ்வழித் தோன்றலான குபேர்நாத் தஞ்சோர்கர் இந்நகரின் பல்கலைக்கழகத்தில் நடனம் கற்பித்தார். தஞ்சை தந்ததை இந்நகர் ‘வேற்றூர் ஆட்டம்’ என்று தள்ளவில்லை. இந்நகர் தருவதை ஒரு தஞ்சாவூர்க்காரன் பெற்றுக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.

இவ்வளவும் நான் என் பக்கத்துக்குச் சொல்லும் வாதம். இனி என் குற்றங்களைச் சொல்ல வேண்டும்.

முதற் குற்றம்

என் நண்பருள் மூத்தவர் ஒருவர், நெல்லைச் சீமைக்காரர். அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன். அவருடைய மனைவியார் எனக்கு மதினி. வெளியூரில் எனக்குக் கிடைத்த முதல் வீட்டுச் சோறு அவர்கள் வீட்டுச் சோறு.

‘ஒருமுறை வட்டத்தில் நின்று பாருங்கள், பிறகு நீங்களே விடமாட்டீர்கள்’ என்று அண்ணாச்சியை மூன்றாண்டு வற்புறுத்தினேன். நான்காம் ஆண்டு, என் வாய்க்கு அஞ்சியே அவர் வந்தார். வட்டம் விரையத் தொடங்கியதும் அவருக்குக் கொட்டு தவறியது. பின்னால் வந்தவர் இடித்தார். முன்னால் சென்றவர் காலை அவர் மிதித்தார். அரைச்சுற்று முடியுமுன் வெளியேறி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பதுபோல் நின்றார். நான் அவரை வெளியே கொண்டுவிட்டேனா என்றால், இல்லை. தாளம் போய்விடுமே என்று தொடர்ந்து ஆடினேன். அன்று வீடு திரும்பும் வழியில், “தம்பி, உங்களுக்கு வேண்டியது நானா, உங்கள் வட்டத்துக்கு ஓர் ஆளா?” என்று கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை. கோபத்தோடு கேட்டிருந்தால் மறந்திருப்பேன்.

அவர் வினாவில் அறத்தின் ஒரு பெரிய பகுதி அடங்கியிருக்கிறது. நாம் விரும்பும் பொருளை நண்பனுக்குத் தர முனைவது அன்பு. ஆனால் அவனுக்கு அது நன்மை தருமா என்று ஆராயாமல், நம் விருப்பம் பெருகுவதற்காகவே அவனை இழுப்பது அன்பின் வேடம் பூண்ட தன்னலம். மதம் பரப்புவோன் எதிரில் நிற்பவனைக் காண்பதில்லை. தன் மதத்துக்கு வரப்போகும் ஓர் எண்ணிக்கையையே காண்கிறான். நானும் அண்ணாச்சியை அவ்வாறே கண்டேன்.

இரண்டாம் குற்றம்

2015ஆம் ஆண்டு நவராத்திரியின் எட்டாம் இரவு. ஆடப் போகும்போது கைப்பேசியைக் காரிலேயே வைத்துவிட்டுச் செல்வது என் வழக்கம். வட்டத்தில் உலகம் என்னைத் தொடக்கூடாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இரவு பத்து மணிக்கு ஊரில் அண்ணாச்சியின் தந்தையார் காலமானார். விடியற்காலை விமானத்தைப் பிடிக்க நள்ளிரவிலேயே அகமதாபாத்துக்குப் புறப்பட வேண்டும். எங்கள் குழுவில் அன்று கார் வைத்திருந்தவன் நான் ஒருவனே. ‘எந்நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள்’ என்று அவர் தந்தையார் படுக்கையில் விழுந்த நாள்முதல் சொல்லிவந்தவனும் நானே. பலமுறை அழைத்திருக்கிறார்கள். என் மனைவியைக் கேட்டு மைதானம் எதுவென்று அறிந்து, அண்ணாச்சியின் மகன் சைக்கிளில் வந்திருக்கிறான். நுழைவுச்சீட்டு இல்லாமையால் வேலிக்கு வெளியே நின்று, சுழலும் பல்லாயிரம் முகங்களில் என் முகத்தைத் தேடியிருக்கிறான். அவ்விரவு நான் நன்றாக ஆடினேன் என்று நினைவு. அச்சிறுவனை நான் இரண்டு மூன்று முறையேனும் கடந்து சுற்றியிருப்பேன்.

திருவிழாக் கூட்டத்தில் வாடகை வண்டி கிடைக்கக் காலம் கடந்தது. விமானம் தப்பியது. அண்ணாச்சி ஊர் சென்று சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. அவர் மூத்த மகன். கொள்ளி வைத்தவர் அவருடைய தம்பி.

பதினாறாம் நாள் கழிந்து திரும்பி வந்தவரைக் காணச் சென்றேன். மன்னிப்புக் கேட்கச் சொற்களைத் தொகுத்து வைத்திருந்தேன். அவர், “காபி சாப்பிடுங்கள் தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் மகன் மட்டும் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை.

அடுத்த ஆண்டு நான் ஆடவில்லை. ஆடாமல் இருப்பதே கழுவாய் என்று எண்ணினேன். ஒன்பது இரவும் வீட்டில் அமர்ந்து, தொலைவிலிருந்து வந்த தாளத்தைக் கேட்டு, மனைவி மக்களிடம் எரிந்து விழுந்தேன். ஒருவருக்கும் அதனால் பயன் விளையவில்லை. இழந்த கொள்ளி அண்ணாச்சிக்குத் திரும்பவுமில்லை. குற்றம் ஆட்டத்தில் இருந்திருந்தால் ஆட்டத்தை விட்டதும் குற்றம் தீர்ந்திருக்க வேண்டும். அது தீராமையால் குற்றத்தை வேறிடத்தில் தேடலானேன்.

இருவகைக் கூட்டுறவு

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நட்பின் எல்லைக்கல்லாக நம் மரபில் நிற்கின்றனர். ஒருவர் பாண்டிநாட்டுப் புலவர். மற்றவர் உறையூர்ச் சோழர். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் வந்து சேர்ந்தார். அவரும் வடக்கிருந்து உயிர் துறந்தார். நட்புக்கு அருகிருத்தலும் பழகுதலும் இன்றியமையாதன அல்ல, ஒத்த உணர்ச்சியே போதும் என்பது வள்ளுவர் கருத்து.

இதனை என் வட்டத்தோடு ஒட்டிப் பார்த்தேன். ஒரே மைதானத்தில் பல ஆண்டு என்னருகே ஆடியவர் ஒருவர் உண்டு. நீல நிறக் கேடியு அணிவார். என் கைகொட்டின் ஓசையும் அவர் கைகொட்டின் ஓசையும் பிரித்தறிய முடியாதவாறு ஒன்றாக விழும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்குப் பிள்ளைகள் உண்டா, தாய் தந்தையர் உளரா, ஒன்றும் தெரியாது. ஆந்தையாரும் சோழனும் காணாமலே ஒன்றியவர்கள். நாங்கள் இரவெல்லாம் கண்டும் ஒன்றாதவர்கள்.

இதனால் வட்டத்தின் கூட்டுறவு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பெயரும் சாதியும் சம்பளமும் கேட்காமல் ஒருவனை உள்ளே ஏற்கும் இடங்கள் உலகில் மிகுதியாக இல்லை. மொழி தெரியாத ஊரில் எனக்கு முதலில் கைநீட்டியது அவ்வட்டமே. ஆயினும் அதன் பெருமை எதுவோ அதுவே அதன் எல்லை. நான் யாரென்று கேளாமல் ஏற்பதால் நான் வராதபோது அது என்னைத் தேடுவதில்லை. நான் விட்ட இடைவெளியை அடுத்தவர் ஓரடி நகர்ந்து நிரப்பிவிடுகிறார். நட்பில் அவ்வாறு நிரப்ப முடியாது.

அப்படியானால் ஒத்த உணர்ச்சி என்பது யாது? ஒத்த சுவை என்று நான் பொருள்கொண்டிருந்தேன். என்னோடு ஆடாதவர் என்னை முழுதும் அறியாதவர் என்று உள்ளூர மனக்குறை கொண்டிருந்தேன். இது பிழை. சோழனுக்கும் புலவருக்கும் நாடு வேறு, நிலை வேறு, தொழில் வேறு. அவர்களை ஒன்றாக்கியது ஒருவரையொருவர் பெரிதாக மதித்த மதிப்பு. சுவை ஒத்தவர்கள் கூட்டாளிகள். ஒருவன் துயரை மற்றவன் தன்னதாகக் கொள்பவர்களே நண்பர்கள். இருவகையும் ஒருவரிடமே அமைதல் பேறு. அமையாவிடின் எது முன், எது பின் என்பதில் நமக்கு ஐயம் வேண்டா.

இங்கே என் குற்றமும் தெளிவாயிற்று. ஆட்டத்தில் மனம் தோய்வது குற்றமன்று. மனம் தோயாமல் எக்கலையும் கைவராது. உலகம் என்னைத் தொடாத இடமாக அதனை ஆக்கிக்கொண்டதே குற்றம். ஈடுபாட்டுக்கும் வெறிக்கும் வேறுபாடு அறிய நீண்ட ஆராய்ச்சி வேண்டியதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் காது கேட்கிறதா என்று பார்த்தாலே போதும்.

சுண்டலும் செருப்பும்

2020ஆம் ஆண்டு, பெருந்தொற்றின் காரணமாகக் குஜராத்தில் பொதுக் கர்பா நடைபெறவில்லை. அவ்வாண்டு நவராத்திரிக்குச் சில நாள் முன்னர் எனக்கும் தொற்று கண்டது. தனியறையில் கிடந்தேன்; வீட்டார்க்கும் வெளியே செல்ல இயலாத நிலை. மைதானம் இருண்டு கிடந்தது. வட்டத்திலிருந்து ஒருவரும் என்னை விசாரிக்கவில்லை; அவர்கள்மேல் பிழையில்லை, நான் எவருக்கும் பெயர் சொன்னதில்லை. ஒன்பது மாலையும் எங்கள் வாசலில் ஒரு தூக்குச்சட்டி வந்து அமர்ந்தது. முதல் நாள் கொண்டைக்கடலை, மறுநாள் தட்டாம்பயறு, பின் பட்டாணி, மொச்சை. ஒரு நாளும் ஒரே சுண்டல் இருமுறை வரவில்லை. எட்டாம் நாள் சாளரத்தின் வழியே பார்த்தேன். சட்டியை வைத்துவிட்டுச் சென்றவன் அண்ணாச்சியின் மகன். மீசை அரும்பிய இளைஞனாக வளர்ந்திருந்தான். அவன் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தான். ஐந்தாண்டு கழித்து அவன் என் முகத்தைக் கண்டான் என்றே எனக்குத் தோன்றியது.

2022இல் மைதானங்கள் மீண்டும் நிறைந்தன. நான் போவதா வேண்டாவா என்று தயங்கியிருந்தேன். முதலிரவு அண்ணாச்சியே வந்து, “வண்டியை எடுங்கள் தம்பி, நானும் வருகிறேன்” என்றார். எனக்கு அச்சம். “நீங்கள் ஆட வேண்டாம், அண்ணாச்சி” என்றேன். “நான் ஏன் ஆடுகிறேன்? செருப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?” என்றார். வெறுங்காலோடு ஆடும் கூத்தில் செருப்பு தொலைவது பெருந்தொல்லை என்பதை நான் ஆண்டுதோறும் அவரிடம் புலம்பியிருக்கிறேன். நான் கர்பாவைப் பற்றிப் பேசியவற்றுள் அவர் மனத்தில் நின்றது இது ஒன்றே போலும்.

அன்றுமுதல் அவர் வேலியோரம் ஒரு நாற்காலியில் என் செருப்பையும் கைப்பேசியையும் வைத்துக்கொண்டு அமர்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் அவ்விடம் வரும்போது நான் திரும்பிப் பார்க்கிறேன். அதனால் ஒரு கொட்டு தவறுவதுண்டு. நீலக் கேடியுக்காரர் முதலில் முகம் சுளித்தார். பின்னர் இடைவேளையில் அவரை அண்ணாச்சியிடம் அழைத்துச் சென்று பெயர் கேட்டேன். அவர் ஒரு பள்ளியில் கணித ஆசிரியர். பதினொன்றரைக்கு நான் வெளியே வந்துவிடுகிறேன். கொலு முன்னே மதினி எங்களுக்காக எடுத்துவைத்த சுண்டல் ஆறியிருக்கும், ஆனால் காத்திருக்கும்.

இவற்றால் நான் பெற்ற முடிபு இது. விருப்பம் உடையவன் நண்பனைத் தன் விருப்பத்துக்கு எரிபொருளாக்கலாகாது. விருப்பத்தினுள் நண்பன் வரமுடியாதவாறு கதவடைக்கவும் கூடாது. விருப்பம் இல்லாதவன் உடன் ஆட வேண்டுமென்பதில்லை, எள்ளாதிருத்தல் வேண்டும், இயலுமாயின் வேலியோரம் சிறிது நேரம் அமர்தல் வேண்டும். நம் பிள்ளைகள் சிலர் வட்டத்துக்குச் செல்வர். சிலர் கொலுவோடு நிற்பர். சிலர் இரண்டையும் விட்டு வேறொன்றில் பித்தாவர். அவர்களை ஒரே சுவைக்குள் அடைக்க முயல்வதைவிட, ஒருவர் செருப்பை மற்றவர் பார்த்துக்கொள்ளும் பண்பைக் கற்பிப்பது நமக்கு எளிது. அவர்களுக்கும் அது நெடுநாள் உதவும்.

கொள்ளி வைக்கும் உரிமையை இழந்தவர், இழக்கச் செய்தவனின் செருப்பைக் காத்து அமர்ந்திருக்கிறார். அதற்கு ஈடாக நான் எதைச் செய்வது என்று இன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் திரும்பிப் பார்க்கிறேன். இப்போதைக்கு என்னால் இயன்றது அதுவே.